தெப்பக்குளத்தில் பதினாறாம் வாய்ப்பாடு

மதுரை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்தது. "மறுபடி ஓடுகிறாயாமே, புத்தி கெட்டுப்போச்சா?" என்று முதல் வரியிலேயே திட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் நலம் விசாரித்திருக்கிறாய். திட்ட உனக்கு உரிமை உண்டு. அன்று ராத்திரி வாயுப் பிடிப்பு என்று நினைத்து, மோரில் பெருங்காயம் கரைத்துக் குடித்துவிட்டு மூன்று மணி நேரம் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தவன் நான். ஓடுகிறவனுக்கு மாரடைப்பு எங்கே வரப்போகிறது என்ற திமிர். அப்பா 49 வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர் என்று தெரிந்தும் அந்தத் திமிர். அமெரிக்காவில் அத்தனை பேரை ஓட வைத்த ஜிம் ஃபிக்ஸ், 1984இல் 52 வயதில் ஓடப் போன இடத்திலேயே இறந்தார். அவருடைய அப்பாவும் 43 வயதில் மாரடைப்பில் போனவர்தான். எப்போதோ படித்தது, ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்துப் படுத்திருந்தபோதுதான் ஞாபகம் வந்தது!

சரி, ஏழு மாதம் ஆகிவிட்டது. முதலில் வெறும் நடைதான். இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ, டிரெட்மில் டெஸ்ட் இரண்டையும் பார்த்த பிறகே, ஒரு நிமிடம் ஓடி மூன்று நிமிடம் நடக்கச் சொன்னார் டாக்டர். விடிந்து வெளிச்சம் வந்த பிறகு, தெப்பக்குளத்தைச் சுற்றி. முன்பு போல நாலரை மணி இருட்டில் போவதில்லை. ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை சாப்பிடுகிறேன். கல் தடுக்கி முழங்கால் சிராய்த்ததற்கே கைக்குட்டை முழுக்க நனைந்துவிட்டது. அறுகம்புல் சாறு விற்கிற அம்மாதான் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார்.

உன் பையன் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் இப்போது மேசை டிராயரில் கிடக்கிறது. கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். 220இலிருந்து வயதைக் கழித்தால் எனக்கு 167 வரும், அதைத்தான் உச்சத் துடிப்பு என்கிறது அந்தக் கடிகாரம். நான் சாப்பிடும் மெட்டோப்ரோலால் துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைக்கும் மாத்திரை. டிரெட்மில்லில் 130ஐத் தொடும்போதே எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அதன் கணக்கைக் கேட்டு ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! "பேச முடிகிற வேகம்தான் உங்கள் வேகம்" என்றார் டாக்டர். தனியாக ஓடுகிறவன் யாரோடு பேசுவது? அதனால் பதினாறாம் வாய்ப்பாடு சொல்கிறேன். நம் கணக்கு வாத்தியார் முட்டியில் தட்டித் தட்டிச் சொல்ல வைத்தாரே, அதே ராகத்தில். நடுவில் மூச்சு முட்டினால் உடனே நடை. முதல் வாரம் நாலு பதினாறு அறுபத்துநாலிலேயே நின்றுவிட்டேன். கைத்தடி ஊன்றி நடக்கிற பெரியவர் ஒருவர் என்னைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மாரடைப்பை விட அது வலித்தது.

முடித்ததும் சட்டென்று நிற்பதில்லை. நின்றால் ரத்தம் காலிலேயே தங்கித் தலை சுற்றும் என்பதால் பத்து நிமிடம் மெதுவாக நடந்துவிட்டுத்தான் படியில் உட்காருகிறேன்.

பயமில்லையா என்று கேட்டிருந்தாய். இருக்கிறது. போன வியாழக்கிழமை இடது மார்பில் சுருக்கென்றது. அப்படியே படியில் உட்கார்ந்து, டாக்டர் சொல்லியிருந்தபடி சட்டைப்பையிலிருந்த சார்பிட்ரேட் என்ற நெஞ்சுவலி மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு ராணிக்கு போன் செய்தேன். ஆட்டோவில் வந்தாள், நேராக ஆஸ்பத்திரி. இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். முந்தின நாள் காஸ் சிலிண்டர் தூக்கியதில் சதை பிடித்திருக்கிறது. ராணி வழியெல்லாம் திட்டினாள், ஓடியதற்கு அல்ல, சிலிண்டருக்கு. இந்தத் தடவை மோர் குடிக்கவில்லை என்பதையாவது நீ பாராட்ட வேண்டும்.

நேற்று ஏழு பதினாறு நூற்றுப் பன்னிரண்டு வரை வந்தேன். ஆவணியில் உன் மகள் கல்யாணத்துக்குக் கட்டாயம் வருகிறோம். பந்தியில் என் இலைக்கு அப்பளமும் ஊறுகாயும் வேண்டாம் என்று இப்போதே சொல்லி வை, ராணி என் பக்கத்து இலையில்தான் உட்காருவாள்.

உன்,
சேகர்