மகரந்தம் கறுத்தால் மட்டும் போதாது

ஆடுதுறை,
ஆடி மாதம்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

கோடை நெல்லில் கதிருக்குப் பாதி பதர் என்று எழுதியிருந்தாய். நுண்ணூட்டம் தெளித்தும் பயனில்லை என்றால், அது வெயிலின் வேலையாகத்தான் எனக்குப் படுகிறது. நெல் பூக்கும் நேரத்தில் சூடு 35 டிகிரியைத் தாண்டினால் மணி பிடிப்பது குறையத் தொடங்கும். இந்தக் கோடை முழுவதும் என் வேலையும் அதுதான்: கலப்புச் செய்வதற்கு முன், எந்த ரகத்தின் மகரந்தம் சூட்டைத் தாங்குகிறது என்று பார்ப்பது.

பூ விரியுமுன் கதிரை வெட்டி வருவோம். நெற்பூ ஒன்றில் ஆறு மகரந்தப் பைகள் இருக்கும். அவற்றைக் கண்ணாடித் தகட்டில் நசுக்கி, அயோடின் கரைசல் ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், மாவுச்சத்து நிறைந்த மகரந்தத் துகள்கள் உருண்டு திரண்டு கருநீலமாகத் தெரியும். மலடானவை வெளிறிச் சுருங்கிக் கிடக்கும். அரை மணி நேரத்தில் முடிகிற சோதனை என்பதால் பலரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அயோடின் காட்டுவது மாவுச்சத்தைத்தான், உயிரை அல்ல. செத்த மகரந்தமும் கறுக்கும். பையை விட்டு வெளிவந்த நெல் மகரந்தத்துக்கு ஆயுள் சில நிமிடங்களே. அதற்குள் சூல்முடியில் விழுந்து முளைத்தாக வேண்டும். கடும் வெயிலில் பை சரியாக வெடிக்காமலே போவதும் உண்டு. அதனால் பூத்து முடிந்த பின் சூல்முடிகளை எடுத்து, அனிலின் நீலம் என்ற சாயத்தில் தோய்த்து, புற ஊதா ஒளியில் எத்தனை மகரந்தம் குழாய் நீட்டியிருக்கிறது என்று எண்ணுகிறோம். கண் வலிக்கும். ஆனாலும் இதைப் பார்க்காமல் பெற்றோர் ரகத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று அடித்துச் சொல்வேன். அயோடின் சோதனை, வேண்டாததைக் கழிக்க உதவும், அவ்வளவே.

சூடு தாங்குவதில் நாகினா 22 என்ற நெல் ரகம் பெயர் பெற்றது. ஆனால் என் மனம் வேறொரு வழியில் போகிறது. காட்டு நெல் இனம் ஒன்று விடிந்த சற்று நேரத்திலேயே பூத்து, வெயில் ஏறுமுன் மூடிக்கொள்கிறது. அந்தக் குணத்தைப் பயிர் நெல்லுக்குக் கொண்டுவர முடியும் என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நம் டெல்டாவின் கோடை நெல்லுக்கு இது பெரிய வரம்.

குறுவை பூக்கும்போது காலை வேளையில் மருந்து தெளிக்காதே. வயலில் தண்ணீர் வற்றவும் விடாதே. உமி எத்தனை மணிக்கு விரிகிறது என்று கவனித்து எழுது. மற்றவற்றுக்கு முந்தி விரியும் பயிர் கண்ணில் பட்டால் அதில் நூல் கட்டி வை. முற்றியதும் நானே வந்து கதிரை எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
மீனாட்சி