கூந்தலை எடுத்துக்கொண்டீர்கள், விதியை விட்டுவிட்டீர்கள்

தமிழில் பேய்ப்படமும் பேய்த்தொடரும் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

எழுத உட்காரும்போதே முகத்தை மூடிய கூந்தலும் வெள்ளை உடுப்பும் பாழுங்கிணறும் உங்கள் கைக்கு வந்துவிடுகின்றன. ஜப்பானியப் பேய் மரபில் இவை மிகப் பழையவை. உலகம் முழுக்கப் பரப்பியது, கோஜி சுசுகி 1991-இல் வெளியிட்ட 'ரிங்' நாவலை ஒட்டி 1998-இல் வந்த திரைப்படம். அந்த நாவல் வரிசையை ஊன்றிப் படித்தவர்கள் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. முடிச்சுகளை அவிழ்க்காமல் சொல்ல முடியாது என்பதால், படிக்காதவர்கள் முதலில் நாவலைப் படித்துவிடுங்கள்.

தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து ஊர்ந்து வெளியே வரும் பெண் நாவலில் கிடையாது. அது படத்துக்காக உண்டாக்கியது. நாவலில் அந்தப் பேய், கொலையுண்ட சடாகோ என்ற பெண், கிட்டத்தட்ட கண்ணிலேயே படுவதில்லை. செப்டம்பர் 5 இரவு பதினொரு மணியளவில் நான்கு இளைஞர்கள் மூன்று வெவ்வேறு இடங்களில் இறக்கிறார்கள். காரணம் மாரடைப்பு என்கிறார்கள். அவர்களில் ஒருத்திக்கு உறவினரான அசகவா என்ற பத்திரிகையாளர், நேரம் ஒத்துப்போவதைக் கவனிக்கிறார். அங்கிருந்து ஒரு வாரம் பின்னோக்கிப் போய், ஹகோனே மலைப்பகுதியின் விடுதிக் குடில் ஒன்றில் நால்வரும் சேர்ந்து பார்த்த ஒளிநாடாவை (வீடியோ கேசட்டை) எட்டுகிறார். பயம் முழுவதும் இந்தத் துப்புத்துலக்கலில்தான் ஏறுகிறது.

அந்த நாடாவில் ஓர் இடத்தைப் பாருங்கள். சில காட்சிகளில் மட்டும் திரை நொடிப்பொழுது கறுத்து மீள்கிறது. அசகவாவும் நண்பர் தகயாமாவும் நாடாவைத் திரும்பத் திரும்ப ஓட்டி அந்தக் கறுப்பை எண்ணுகிறார்கள். கற்பனைபோலத் தெரியும் காட்சிகளில் அது இல்லை, நிஜக் காட்சிகளில் மட்டுமே இருக்கிறது. கண் இமைப்பு! கேமரா எடுத்த படமல்ல, யாரோ ஒருவர் கண்ணால் கண்டது நேராக நாடாவில் பதிந்திருக்கிறது. இரண்டு பேர் மேசை முன் உட்கார்ந்து எண்ணுகிறார்கள், அவ்வளவுதான். அதற்கே முதுகு சில்லிடுகிறது. திடீர்ச் சத்தத்துக்குச் செலவிடும் உழைப்பில் பாதியை இப்படி ஒரு கண்டுபிடிப்புக்குச் செலவிடுங்கள்.

அடுத்தது விதி. தலைவிதி அல்ல, சாபம் எப்படி வேலைசெய்யும் என்ற விதி. பார்த்தவர் ஏழாம் நாள் இதே நேரத்தில் சாவார், தப்பிக்க வேண்டுமானால் இதைச் செய்யுங்கள் என்று நாடா சொல்லத் தொடங்கும் இடத்தில் கொசுவத்தி விளம்பரம் ஒன்று ஓடுகிறது. முன்பு பார்த்த இளைஞர்கள் விளையாட்டாக அந்தப் பகுதியின்மேல் பதிந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சாவுக்குக் கெடு இருக்கிறது, தப்பும் வழி மட்டும் அழிந்துவிட்டது. கதைக்கு எரிபொருள் அந்த வெற்றிடம்தான். தமிழில் வரும் கதைகளில் பெரும்பாலும் ஒரு சாமியாரோ பாட்டியோ அந்த வழியைப் பாதியிலேயே சொல்லிவிடுகிறார்கள். மீதிக் கதை காலில்லாமல் நிற்கிறது.

இறுதித் திருப்பத்துக்கு வருவோம். குடிலுக்கு அடியில் இருக்கும் கிணற்றிலிருந்து சடாகோவின் எலும்புகளை எடுத்து உறவினரிடம் சேர்க்கிறார்கள். கெடு தாண்டியும் அசகவா உயிரோடிருக்கிறார். நம் கதைகள் இந்த இடத்தில் காரியம் செய்து, கும்பிட்டு முடிந்துவிடும். 'ரிங்' முடியவில்லை. மறுநாள் தகயாமா இறந்துபோகிறார். அசகவா செய்து தகயாமா செய்யாதது ஒன்றே ஒன்று: நாடாவைப் பிரதியெடுத்து இன்னொருவருக்குக் காட்டியது. ஆவிக்கு எலும்பும் சடங்கும் வேண்டாம், பெருக வேண்டும். இதற்கான விதையை ஆசிரியர் முன்பே ஊன்றிவிட்டார். சடாகோவைப் பலாத்காரம் செய்து கிணற்றில் தள்ளிய மருத்துவர், கதைப்படி ஜப்பானின் கடைசிப் பெரியம்மை நோயாளி. உலகத்திலிருந்து விரட்டப்படும் கிருமியும் கொலையுண்ட பெண்ணின் வெஞ்சினமும் ஒன்றாகிவிட்டன. பெரியம்மை ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 1980-இல் அறிவித்ததை நினைத்துக்கொண்டு படித்தால் இதன் கனம் தெரியும்.

ஞானதிருஷ்டி உள்ளவளாக நாவலில் வரும் சடாகோவின் தாயின் கதைக்கும் நிஜ வேர் உண்டு. தோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தின் ஃபுகுராய் தொமோகிச்சி 1910-இல் மிஃபுனே சிசுகோ என்ற பெண்ணின் ஞானதிருஷ்டியைச் சோதித்தார். மோசடி என்ற சர்ச்சை கிளம்பியது. மறு ஆண்டின் தொடக்கத்தில் சிசுகோ தற்கொலை செய்துகொண்டார். உங்கள் ஊர் வரலாற்றிலும் இப்படி அவமானப்படுத்தப்பட்டவர்கள் இருப்பார்கள். தேடுங்கள்.

இரண்டாம் பாகம் எழுதுகிறவர்கள் 1995-இல் வந்த 'ஸ்பைரல்' நாவலைக் கவனியுங்கள். பேய் புதிய வீட்டுக்குக் குடிபோகவில்லை. தகயாமாவின் உடலை அறுத்துப் பார்க்கும் மருத்துவரிடமிருந்து கதை தொடங்கி, அசகவா எழுதிவைத்த அறிக்கையே நாடாவின் வேலையைச் செய்யத் தொடங்குகிறது. முதல் பாகத்தின் விதியே இங்கே பெரிதாகிறது. 1998-இல் வந்த 'லூப்' முந்தைய இரண்டின் உலகத்தையும் கணினிக்குள் ஓடும் உலகம் என்று ஆக்கிவிடுகிறது. துணிச்சல்தான், ஆனால் அச்சம் அங்கே வடிந்துவிடுகிறது என்பதே எங்கள் எண்ணம்.

எடுக்கக் கூடாத ஒன்றும் உண்டு. சடாகோ ஊடுபால் (இன்டர்செக்ஸ்) உடலோடு, அதாவது ஆண், பெண் என்ற வகைகளில் முழுதாக அடங்காத உடலோடு பிறந்தவள் என்பதை நாவல் ஓர் அதிர்ச்சித் துணுக்காக வைக்கிறது. அது அந்த நாவலின் பலவீனம். ஒருவர் பிறந்த உடலைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள்.

இப்போது நாடாவுக்குப் பதில் கைப்பேசிக் காணொளி என்று மாற்றி எழுதுகிறீர்கள். அங்கேதான் கதை உடைகிறது. நாடாவைப் பிரதியெடுக்க அதை ஓட்டவும் பதியவும் இரண்டு வி.சி.ஆர். கருவிகள் வேண்டும், அவற்றைக் கம்பியால் இணைக்க வேண்டும், ஓடி முடியும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு ஒருவரை எதிரில் உட்காரவைத்துக் காட்ட வேண்டும். கடைசியில், நாடாவைப் பார்த்துவிட்ட மனைவியையும் குழந்தையையும் காப்பாற்ற, மனைவியின் பெற்றோருக்கே காட்டலாம் என்று அசகவா கிளம்புகிறார். விலை அது. கைப்பேசியில் ஒரு தட்டில் முந்நூறு பேருக்கு அனுப்பிவிடலாம், அனுப்பியவருக்கு எதுவும் குறைவதில்லை. ஆகவே திரைக்கதைக்கு முன் ஒரு தாளில் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். யாருக்கு அனுப்பினால் செல்லும்? பெறுபவர் விஷயம் தெரிந்து சம்மதிக்க வேண்டுமா? முன்பே பார்த்தவருக்கு மறுபடி அனுப்பினால் கணக்கில் சேருமா? பார்க்காமல் அழித்துவிட்டால் கெடு யார்மேல் விழும்? நான்கில் ஒன்றுக்காவது, அனுப்புகிறவர் தனக்கு வேண்டியவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடிவெடுக்கும்படியான விடை இருக்க வேண்டும். அந்த விடை கிடைக்கும்வரை கூந்தலுக்கும் வெள்ளை உடுப்புக்கும் ஆள் தேடாதீர்கள்.

இப்படிக்கு,
பேய்க்கதை வாசகர்கள் சிலர்