நாத்திகத்தை மதக் கணக்கில் சேர்க்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'நாத்திகமும் ஒரு மதம்தான், கடவுள் இல்லை என்பதே அதன் நம்பிக்கை' என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நான் நெல்லையப்பரைக் கும்பிடுகிறவன். இருந்தாலும் இதை ஏற்க முடியவில்லை.

கடவுள் வேறு, மதம் வேறு. கழுகுமலைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே பாறையில் வரிசை வரிசையாகச் செதுக்கியிருக்கும், சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர்கள் யாரும் உலகைப் படைத்தவர்கள் இல்லை. படைத்தவன் ஒருவன் உண்டு என்பதையே சமணம் ஒப்புக்கொள்வதில்லை. ஆனாலும் அது முழுச் சமயம். நோன்பு உண்டு, துறவு உண்டு, வினைப்பயன் உண்டு, வீடுபேறு உண்டு. உருவங்களின் கீழே, அவற்றைச் செய்து வைத்தவர்களின் பெயரைக்கூட வட்டெழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சும்மா சாமி கும்பிடாமல் இருக்கும் ஒருவரிடம் இதில் எது இருக்கிறது? சுயமரியாதை இயக்கத்துக்குக் கொள்கை உண்டு, சரி. அந்த முறைத் திருமணத்துக்கு 1967-இல் சட்டமும் வந்தது. அது அந்த இயக்கத்தின் கொள்கை. நம்பாதவர்கள் எல்லாரும் அதில் சேர்ந்தவர்கள் இல்லை.

அதற்காக, 'பிறந்த குழந்தைகூட நாத்திகர்தான்' என்று மறுபக்கம் சொல்வதும் சரியில்லை. நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து எத்தனையோ சாட்சிகளுக்குப் பிரமாணம் செய்து வைத்திருக்கிறேன். 1969-ஆம் ஆண்டு பிரமாணச் சட்டப்படி சாட்சி 'கடவுள் அறிய' என்றும் சொல்லலாம், 'உளமார உறுதி கூறுகிறேன்' என்றும் சொல்லலாம். 12 வயதுக்குட்பட்ட, பிரமாணம் என்றால் என்னவென்று புரியாத பிள்ளைக்கு மட்டும் இரண்டும் தேவையில்லை. நம்பாத பெரியவரைச் சட்டம் அந்தப் பிள்ளையோடு சேர்க்கவில்லை. அவர் யோசித்து நம்பிக்கையை விட்டவர். உறுதி சொல்லியே ஆக வேண்டும். பொய் சொன்னால் அவருக்கும் கடவுள் பேரைச் சொன்னவருக்கும் தண்டனை ஒன்றுதான்.

களக்காடு பக்கத்து விவசாயி ஒருவர் ஒரு வரப்புத் தகராறு வழக்கில் கூண்டேறினார். கடவுள் பேரைச் சொல்லவில்லை, உறுதி மட்டும் சொன்னார். வரப்பை வெட்டித் தள்ளிப் போட்டது தன் சொந்த மச்சான்தான் என்று சாட்சி சொன்னார். சாமிக்கே பயப்படாதவர் உண்மையைத்தான் சொல்கிறார் என்று எப்படி நம்புவது என்று குறுக்கு விசாரணையில் வக்கீல் மடக்கினார். கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி, "பக்கத்து வயக்காரன் மூஞ்சியில நாளைக்கும் முழிக்கணும்லா, அய்யா" என்றார் அவர். இது நாத்திகம் சொல்லிக்கொடுத்த பதிலா? சாமி கும்பிடுகிற நானும் இதையேதான் சொல்வேன். எதை நம்பவில்லை என்பதை வைத்து ஒரு மனிதர் எதை மதிக்கிறார் என்று கண்டுபிடிக்க முடியாது. அதை அவரிடமே கேட்க வேண்டும்.

இது வெறும் வாய்ச்சண்டை இல்லை. எந்த மதத்தையும் சேராமல் இருப்பதும் அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு தரும் உரிமைதான் என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 2014-இல் சொல்லியிருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் சாதி, மதம் போட விருப்பமில்லை என்றால் விட்டுவிடலாம் என்று தமிழக அரசு 1973-லேயே ஆணை போட்டது. ஆனால் நடப்பது என்ன? என் மருமகனுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. பேத்தியைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது மதம் என்ற கட்டத்தை நிரப்பாமல் கொடுத்தார். "ஏதாவது ஒண்ணு போடுங்க சார், கம்ப்யூட்டர் எடுக்காது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பின்னால் வரிசை நின்றது. வேறு வழியில்லாமல் 'இந்து' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

நாத்திகத்தையும் ஒரு மதமாக அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டால் குறை தீர்ந்துவிடும் என்று அந்த வாசகர் சொல்லக்கூடும். தீராது. மருமகன் கேட்டது பட்டியலில் ஓர் இடம் இல்லை, பட்டியலுக்கு வெளியே நிற்க அனுமதி. கல்வித்துறை அந்தப் பழைய ஆணையை எல்லாப் பள்ளி அலுவலகங்களுக்கும் சுற்றறிக்கையாக அனுப்ப வேண்டும். மதக் கட்டம் காலியாக இருந்தாலும் விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டர் ஏற்கும்படி அடுத்த சேர்க்கைக்குள் மாற்றித் தர வேண்டும்.

ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்,
பாளையங்கோட்டை.