பட்டறை வாசலை நாங்களும் மிதித்திருக்கிறோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகளும் தொழில்துறையும் சேர்ந்து செய்யும் ஆராய்ச்சி பற்றிச் சென்ற ஞாயிறு வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு வரியைத் தாண்ட முடியவில்லை. நம் பொறியியல் பேராசிரியர்கள் பட்டறை வாசலை மிதிப்பதே இல்லை, அதனால்தான் முதலாளிகள் அவர்களை நம்பிப் பணம் போடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கோவைப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் 26 வருடமாக மெக்கானிக்கல் பாடம் நடத்துகிறவன் நான். அதைவிட அதிக வருடமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறவன். அந்த வரியை அச்சில் ஏற்றுவதற்கு முன் எங்களில் ஒருவரையாவது கேட்டிருக்கலாம்.

சில வருடங்களுக்கு முன்பு, வாரத்தில் இரண்டு நாள், வகுப்பு முடிந்ததும் ஒரு சிறிய ஃபவுண்டரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். இரும்பை உருக்கி மணல் அச்சில் ஊற்றி, பம்ப்செட்டுக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் வார்க்கிற இடம். நூறு வார்த்தால் பத்துப் பன்னிரண்டு வீணாகிக்கொண்டிருந்தது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. லேத்தில் ஏற்றி ஒரு சுற்றுச் சீவியதும் குண்டூசித் தலையளவு ஓட்டைகள் தெரியும். மணலில் ஈரம் கூடினால் அப்படி வரும் என்று நான்தான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் அங்கே காலையில் வார்த்தது நன்றாக இருந்தது, மத்தியானத்துக்கு மேல் வார்த்ததுதான் கெட்டது. அங்கே மணலில் அச்சு எடுக்கிற வயதான மோல்டர் ஒரு பிடி மணலை அள்ளி இறுக்கி, உடைத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், இது சூடு ஆறாத மணலுங்க" என்றார். காலையில் வார்ப்புக்குப் போன மணல் ஆறுவதற்குள் மறுபடியும் கலவைக்கு வந்துவிடுகிறது. அவர் கையால் கண்டுபிடித்ததை அளந்து பார்த்து, எவ்வளவு ஆறினால் போதும், குறைந்த செலவில் எப்படி ஆற்றலாம் என்று சொல்வதுதான் ஆராய்ச்சி. அது சின்ன வேலை இல்லை. கோவையில் இப்படி எத்தனையோ ஃபவுண்டரிகள் இருக்கின்றன.

நிதி கேட்டு விண்ணப்பம் எழுதினேன். தொழிற்சாலையும் தன் பங்கை ரொக்கமாகக் கட்டவேண்டும் என்பது விதி. முதலாளி கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "மணல் தர்றேன், இரும்பு தர்றேன், ரெண்டு ஆளை உங்க கூடவே விடறேனுங்க. ரொக்கம் மட்டும் கேக்காதீங்க சார். சனிக்கிழமையானா சம்பளம் போடணுமுங்க." மணலுக்கும் ஆளுக்கும் அந்தப் படிவத்தில் இடம் இல்லை. விண்ணப்பம் திரும்பி வந்தது. அவர் ஒரு வார்த்தை குறைப்படவில்லை, டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார். அவரையும் என்னையும் பார்த்துத்தான் நம்பிக்கை இல்லை என்கிறீர்கள்.

கல்வி நிறுவனமும் தொழிற்சாலையும் சேர்ந்து ஆராய்ச்சி செய்ய மத்திய அரசு 2015-16ல் கொண்டுவந்த உச்சதர் ஆவிஷ்கார் யோஜனாவிலும் செலவில் தொழிற்சாலையின் பங்கு 25 விழுக்காடாக இருந்தது. அதன் கதவு முதலில் ஐஐடிகளுக்குத்தான் திறந்தது. 2023ல் சட்டம் போட்டு உருவாக்கிய அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு 5 ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வரவேண்டும் என்பது கணக்கு. 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி நிதித் திட்டம் தனியார் நிறுவனங்களுக்குக் கடனாகவும் முதலீடாகவும் போவது. எல்லாமே பெரிய கைகளை நம்பிப் போட்ட திட்டங்கள். ஆராய்ச்சிக்கு நூறு ரூபாய் செலவு செய்தால் வரி போடும் வருமானத்தில் இருநூறு ரூபாய் கழித்துக்கொள்ளலாம் என்று கம்பெனிகளுக்கு இருந்த 200 விழுக்காடு கழிவை 150 ஆக்கி, 2020 ஏப்ரலிலிருந்து 100 ஆக்கிவிட்டார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை. கட்டுரையில் ஒரு வரிகூட ஏன் இல்லை?

கட்டுரையில் முன்மாதிரியாகச் சொன்னது, கம்பெனிகளும் பேராசிரியர்களும் ஒரே வளாகத்தில் சேர்ந்து வேலை செய்யும் சென்னை ஐஐடியின் ஆராய்ச்சிப் பூங்கா. நல்ல இடம், நானும் போய்ப் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்களை மாதிரிக் கல்லூரிகளில் பேராசிரியருக்கு நேரம் எங்கே இருக்கிறது? திட்ட நிதியில் உதவியாளருக்கு உதவித்தொகை உண்டு, கருவிக்கு உண்டு, பயணத்துக்கு உண்டு. பேராசிரியரின் நேரத்துக்கு ஒரு பைசா கிடையாது. பிரிட்டனில் ராயல் அகாடமி ஆஃப் எஞ்சினியரிங் அமைப்பும் ஒரு தொழில் நிறுவனமும் சேர்ந்து பணம் போட்டு, ஒரு பேராசிரியரை 5 ஆண்டுகள் ஆராய்ச்சிக்கென்றே விடுவிக்கின்றன. இங்கே வாரம் 14, 16 மணி நேரம் வகுப்பு, அப்புறம் கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக், என்பிஏ அமைப்புகளுக்கான கோப்புகள். மே மாதம் வந்தால் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீடு வீடாகப் போய் அட்மிஷன் கேட்கச் சொல்கிறார்கள். நானும் போயிருக்கிறேன். முனைவர் பட்டம் வாங்கியவன், தெரியாத வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கட்டணச் சலுகை பேசியிருக்கிறேன்.

வேறொரு சிறிய திட்டத்துக்கு நிதி கிடைத்தது. அதையும் கேளுங்கள். நுண்ணோக்கிக்கு 5 விழுக்காடு வரி என்று கணக்குப் போட்டு எழுதியிருந்தோம். ஆர்டர் கொடுக்கப் போகும்போது, 2022 ஜூலையில், ஆராய்ச்சிக் கருவிகளுக்கு இருந்த சலுகை போய் 18 விழுக்காடாகிவிட்டது. கூடுதல் பணத்துக்கு எழுதிய கடிதங்களை வைத்தே ஒரு கோப்பு நிறைந்துவிட்டது. அதற்கிடையில் என்னிடம் வேலை செய்த பையனுக்கு 7 மாதம் உதவித்தொகை வரவில்லை. வீட்டில் அம்மா மட்டும்தான். நானே கொஞ்சம் கொடுத்துப் பார்த்தேன், முடியவில்லை. பெங்களூருவில் மென்பொருள் வேலைக்குப் போய்விட்டான். அளவுகள் எழுதிய நோட்டைத் தேதிவாரியாகச் சரிபார்த்து என் மேசையில் வைத்துவிட்டுத்தான் போனான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கட்டுரைக்கு நடுவில் ஜி.டி. நாயுடு படம் போட்டிருந்தீர்கள். 1937ல் இந்த ஊரில் மின்மோட்டார் செய்தவர். 1945ல் இங்கே பொறியியல் கல்லூரி தொடங்க முன்னின்றவரும் அவர்தான். அவர் படத்துக்குக் கீழேயே அந்த வரி வந்ததைப் பார்த்தபோதுதான் மனம் ரொம்பவும் வலித்தது.

சரி, அச்சான வரியைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் கல்வி இணைப்பில் கட்-ஆஃப் பட்டியலுக்கும் பிளேஸ்மென்ட் விளம்பரத்துக்கும் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது. ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பம் கேட்கும் அறிவிப்புகளைக் கடைசித் தேதியோடு, ஒரு மாதம் முன்னதாக, கால் பத்தியில் போடுங்கள். போன வருடம் ஓர் அறிவிப்பு எனக்குத் தெரியவந்தபோது 9 நாள்தான் பாக்கி இருந்தது. அந்த 9 நாளில் ஃபவுண்டரிக்காரரிடம் கையெழுத்து வாங்கலாம். கல்லூரி நிர்வாகத்திடம் வாங்க முடியவில்லை.

அந்த நிர்வாகத்தை நினைத்துத்தான் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் இயந்திரவியல் பேராசிரியர்,
கோயம்புத்தூர்