டீக்கடை பெஞ்சிலிருந்து கிரியேட்டர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நம் தீவின் கிரியேட்டர் குழுத் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம். எழுதுவது நங்கநல்லூர் அக்கா. செகண்ட் லைஃப் என்கிற இணைய உலகத்தில் ஒன்பது வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். இதுவரை அங்கே ஒரு நாற்காலிகூடச் செய்ததில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், ஏனென்றால் போன வாரம் நீங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய புது விதிப்படி எனக்கு ஓட்டு இல்லாமல் போனது இதனால்தான்.

தீவில் ஒரு பொருளாவது தானே செய்து வைத்தவருக்கு மட்டும்தான் இனிமேல் கூட்டத்தில் ஓட்டு என்கிறது அந்த விதி. அதற்குக் கீழேயே, வருகிற ஞாயிற்றுக்கிழமை எடுக்கப்போகிற முதல் தீர்மானம்: டீக்கடையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கல்மண்டபத்தை நீட்டுவது. யாருக்கு ஓட்டில்லையோ அவர்கள் உட்காருகிற ஒரே இடம் அந்தக் கடைதான். இது தற்செயல் என்று நீங்கள் சொன்னால் நம்புகிறேன். ஆனால் பார்ப்பவர்கள் நம்புவார்களா?

இந்த மடலை வெளியாட்களும் படிக்கக்கூடும் என்பதால் இரண்டு வரி. செகண்ட் லைஃப் 2003 ஜூனில் சான் ஃபிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் தொடங்கிய மெய்நிகர் உலகம். ஜெயிப்பது தோற்பது எதுவும் கிடையாது. உள்ளே இருக்கிற வீடு, மரம், புடவை, செருப்பு எல்லாம் பெரும்பாலும் பயனர்களே செய்தவை. நம் தீவு ஒரு முழு ரீஜன், பக்கத்துக்கு 256 மீட்டர் உள்ள சதுரம். சென்னைக் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட 294 கிரவுண்டு. (நிஜத்தில் எனக்கு வாய்த்தது அரை கிரவுண்டுக்கும் குறைவான யுடிஎஸ், அதாவது அபார்ட்மென்ட் நிலத்தில் என் பங்கு. அதனால் இந்தக் கணக்கை அடிக்கடி போட்டுப் பார்ப்பேன்.)

டீக்கடையைப் பற்றி உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது, நீங்கள் வருவதற்கு முன்பே போட்டது. போட்ட அண்ணன் ஆவடிப் பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுபவர். 3டி மென்பொருள் எதுவும் தெரியாது. உள்ளேயே கிடைக்கும் பிரிம் என்கிற கட்டைகளை நீட்டி, நசுக்கி, ஒன்றோடொன்று ஒட்டி மூன்று வாரத்தில் கட்டினார். பாய்லருக்கு ஒரு உருளை, அதன்மேல் ஒரு அரை உருண்டை. பெஞ்சின் இடது கால் தரையைத் தொடாமல் ஒரு விரல் உயரத்தில் நிற்கும். சொன்னதற்கு, "நிஜ டீக்கடை பெஞ்சும் ஆடத்தானேக்கா செய்யும்" என்றார். கடைசிவரை சரிசெய்யவில்லை. அவர் கடைசியாக உள்ளே வந்து நாலு வருஷமாகிறது. பெஞ்சு மட்டும் அப்படியே மிதந்துகொண்டிருக்கிறது.

உங்கள் பக்கக் கணக்கும் எனக்குத் தெரியும். தீவுக்கு உள்ள பிரிம் வரம்பில் கடை 212 தின்கிறது, அதையே வெளி மென்பொருளில் செய்து ஏற்றுகிற மெஷ்ஷாகச் செய்தால் 14-இல் முடியும் என்கிறீர்கள். சரிதான். மண்டபம் அழகாக இருக்கிறது என்பதிலும் சந்தேகமில்லை. தூணில் யாளியின் பல்லைக்கூட எண்ணலாம். ஆனால் போன மாதம் முழுக்க நான் பார்த்தவரை அதில் நின்றவர்கள், போட்டோ எடுக்க வந்தவர்கள்தான். எடுத்துவிட்டு டீக்கடைக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

இந்தப் பிளவு எங்கே தொடங்கியது என்று யோசித்துப் பார்த்தேன். பிரிம் காலத்தில் எல்லோரும் உள்ளேயே, எல்லோர் கண்ணெதிரிலும் கட்டினார்கள். நடு மைதானத்தில் ஒருத்தர் பலகையைச் சுற்றிச் சுற்றி ஒட்டிக்கொண்டிருப்பார். போகிறவர் வருகிறவர் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "அது என்ன, கூரையா?" என்று கேட்பார்கள். கேட்டவரே அடுத்த வாரம் ஒரு கூரை போடுவார். 2007-இல் வடிவத்தையே ஒரு படமாக ஏற்றுகிற ஸ்கல்ப்ட் வந்தது, 2011-இல் மெஷ் வந்தது. வேலை வெளியே, பிளெண்டர் என்கிற 3டி மென்பொருளுக்குப் போனது. இப்போது நீங்கள் உங்கள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று வாரம் செய்கிறீர்கள். எங்களுக்குத் தெரிவது திடீரென்று வந்து இறங்குகிற முழுப் பொருள் மட்டும். நீங்கள் பட்ட பாட்டை நாங்கள் பார்க்கவில்லை. நாங்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று நீங்கள் பார்க்கவில்லை. திண்ணை வைத்த வீட்டை இடித்து கேட் போட்ட மாதிரி ஆகிவிட்டது. இதில் யார் மேலும் தப்பில்லை. ஆனால் கேட்டுக்கு வெளியே நிற்பவர்களுக்கு ஓட்டு கிடையாது என்கிறபோதுதான் உறுத்துகிறது.

எங்கள் தப்பையும் சொல்லிவிடுகிறேன். நடுராத்திரியில் "ப்ரோ, சட்டை முழங்கால்ல மாட்டிக்குச்சு" என்று மெசேஜ் போடுபவர்கள் எங்கள் ஆட்கள்தான். ஆறு மாதம் உழைத்த பொருளை "ஃப்ரீயா குடுங்களேன்" என்று கேட்பவர்களும் எங்கள் ஆட்கள்தான். நானே ஒருமுறை பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஒரு காஞ்சிப் பட்டு வாங்கினேன். அது உங்களில் ஒரு தங்கை செய்த புடவையின் திருட்டு நகல் என்பது பிறகுதான் தெரிந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. ஜரிகையின் ஓரத்தில் தான் வேண்டுமென்றே விட்டுவைத்திருந்த ஒரு சின்னப் பிசிறைக் காட்டி, "இது என்னுதுக்கா" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கே அதைக் கழற்றி அழித்தேன், முழு விலை கொடுத்து அவளிடம் வாங்கினேன். 2006-இல் அடுத்தவர் பொருளை நகலெடுக்கிற காப்பிபாட் என்கிற நிரல் வந்து கடைக்காரர்கள் பயந்துபோய்க் கடையைச் சாத்திய கதையை நீங்கள் ஏன் இன்னும் பேசுகிறீர்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதனால், செய்பவர்களின் அருமை தெரியாமல் பேசுகிறேன் என்று எண்ண வேண்டாம்.

எனக்குத் தொழில்நுட்பம் சுத்தமாகத் தெரியாது என்பதும் முழு உண்மை இல்லை. ஒருநாள் ஒரு மரப்பெட்டியை உருவாக்கி, அதில் புது ஸ்கிரிப்ட் பட்டனைத் தட்டினேன். பெட்டி "ஹலோ, அவதார்!" என்று ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னது. தொட்டால் "டச்ட்" என்றது. ஒரு மணி நேரம் தொட்டுக்கொண்டே இருந்தேன். என் நிரலாக்க வாழ்க்கை அதோடு முடிந்தது. (முக்கியக் கணினித் தொகுதிக்கு அக்னி, சோதனைத் தொகுதிக்கு அதிதி என்று பெயர் வைத்தவர்கள், அவதாரத்துக்கு வணக்கமும் சொல்லியிருக்கலாம். சரி, விடுங்கள்.) அந்தப் பெட்டியைத் தீவில் விட்டுவைத்திருந்தால் உங்கள் விதிப்படி எனக்கு ஓட்டு உண்டு, இல்லையா? ஒரு "டச்ட்" பெட்டிக்கு இருக்கிற மதிப்பு ஒன்பது வருஷத்துக்கு இல்லை.

அந்த ஒன்பது வருஷத்தில் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பெட்டி கழற்றினேன். வாங்கிய பொருள் ஒரு பெட்டியில் வரும். புதிதாக வருபவர்கள் அதைத் திறக்காமல் 'வேர்' (wear, அணி) என்பதை அழுத்துவார்கள். சட்டைக்குப் பதில் தலையில் பெட்டி மாட்டிக்கொள்ளும். பாதிப் பேர் வெட்கத்தில் அப்போதே வெளியேறிவிடுவார்கள், திரும்பி வரவே மாட்டார்கள். நான் பக்கத்தில் போய், "தம்பி, எனக்கும் இப்படித்தான் ஆச்சு, பெட்டி மேல ரைட் கிளிக் பண்ணி டிடாச் குடுங்க, அப்புறம் தரையில வெச்சுத் திறங்க" என்பேன். உங்கள் கடைகளில் இன்றைக்குச் சட்டை வாங்குகிறவர்களில் எத்தனை பேர் ஒருகாலத்தில் தலையில் பெட்டியோடு நின்றார்கள் என்று எனக்குத் தெரியும். பேர் சொல்லமாட்டேன். உங்கள் குழுவிலேயே மூன்று பேர்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் தண்ணீர் ஏறி, கரன்ட் போய், நம் ஆட்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். யார் யாரை எத்தனை நாளாகக் காணவில்லை என்று நோட்கார்டில் பட்டியல் வைத்திருந்தது டீக்கடைக்குத் தினமும் வருகிற வில்லிவாக்கத்து இல்லத்தரசி ஒருத்தி. அவள் எதையும் செய்ததில்லை, செய்யவும் தெரியாது. யாருக்கு யாருடைய போன் நம்பர் தெரியும் என்பது மட்டும் தெரியும். நாலாவது நாள் பட்டியலில் கடைசிப் பெயரையும் அடித்துவிட்டு அவள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தது எனக்கு ஞாபகமிருக்கிறது.

லிண்டன் லேப்காரர்கள் பயனர்களை யூசர் என்று சொல்வதில்லை, ரெசிடென்ட் என்பார்கள். குடியிருப்பவர். மண்டபம் கட்டியவரும் அதுதான், தலையில் பெட்டி மாட்டியவரும் அதுதான். எங்கள் அபார்ட்மென்ட்டில் 24 வீடு. கட்டிய பில்டரும் ஒரு ஃப்ளாட்டை வைத்துக்கொண்டு மூன்றாவது மாடியில் இருக்கிறார். குடியிருப்போர் சங்கத்தில் அவருக்கு ஒரு ஓட்டு, எனக்கு ஒரு ஓட்டு. எந்தத் தூணில் ஆணி அடிக்கக்கூடாது என்று அவர் சொன்னால் மறுபேச்சில்லாமல் கேட்போம். தண்ணி லாரி எத்தனை மணிக்கு வரணும் என்பதில் அவர் பேச்சு மற்றவர்கள் பேச்சுக்குச் சமம். அவ்வளவுதான் நான் கேட்பதும். தீவின் வாடகைக்கும் இதே நியாயம். உண்டியலில் வாராவாரம் நான் போடுகிற 200 லிண்டன் டாலர், நிஜ டாலர் ஒன்றுக்கும் குறைவுதான். ஆனால் என்னைப் போல நிறையப் பேர் போடுகிறார்கள். அதை வாங்கும்போது யாரும் "நீ என்ன செய்து வைத்தாய்" என்று கேட்டதில்லை.

இன்னொரு பழைய கதை, இது உங்கள் கதை. 2003-இல் உள்ளே கட்டி வைக்கிற பொருளுக்கெல்லாம் வரி இருந்தது. நிறையப் பொருள் செய்து வைத்தவர்கள்தான் அதிக வரி கொடுத்தார்கள். அவர்கள் கொதித்துப்போய், 1773-இல் வரியை எதிர்த்துத் தேயிலையைக் கடலில் கொட்டிய பாஸ்டன் துறைமுகத்தை நினைவூட்ட, ஊரெங்கும் தேயிலைப் பெட்டிகளை அடுக்கிப் போராடினார்கள். அந்த வருஷக் கடைசியில் வரிமுறை மாறியது. அன்றைக்குச் செய்தவர்களுக்கு வரி, இன்றைக்குச் செய்யாதவர்களுக்கு. தேயிலை மட்டும் இரண்டு கதையிலும் இருக்கிறது.

ஆகவே ஓட்டு விதியைத் திரும்பப் பெறுங்கள். கடையை விட்டுவிடுங்கள். பிரிம் போதவில்லை என்றால் மண்டபத்துக்குப் பின்னால் யாரும் போகாத அந்த மூன்று பசுமாடுகளை எடுக்கலாம். அப்புறம் சின்னதாக இரண்டு. நகைகளில் மாடிஃபை அனுமதியைத் திறந்து வையுங்கள், பூட்டி வைத்தால் ஜிமிக்கியைச் சிறிதாக்க முடியாமல் தோளில் இடித்துக்கொண்டு தொங்குகிறது. புதிதாகச் செய்பவற்றை பிபிஆர் என்கிற புது வகை மேற்பூச்சோடு மட்டும் விடாமல் பழைய டெக்ஸ்சரையும் கூடவே போடுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய லேப்டாப்பைத் தட்டிக்கொட்டி வாங்கி, பழைய வியூவரில் (செகண்ட் லைஃபைத் திறக்கும் மென்பொருள்) வருகிற பிள்ளைகளுக்கு உங்கள் யாளி வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டியாகத்தான் தெரிகிறது. நீங்கள் பார்க்கிற யாளியை அவர்கள் பார்த்ததே இல்லை.

ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக் கூட்டத்துக்கு ஓட்டு இல்லாவிட்டாலும் வருவேன். கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம். எட்டே முக்காலுக்குப் பல்லாவரத்திலிருந்து ஒரு புதுத் தம்பி வருவதாகச் சொல்லியிருக்கிறார், நேற்றே ஒரு வேட்டி வாங்கிவிட்டாராம். அவர் தலையைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
நங்கநல்லூர் அக்கா