தமிழ் நூல் கொள்முதல்: பல்கலைக்கழக நூலகர்களின் அனுபவம் கைமாற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் நம் பல்கலைக்கழக நூலகங்களில் புதிய தமிழ் நூல்கள் ஏன் இவ்வளவு குறைவாக இருக்கின்றன என்று ஆய்வு மாணவர்களும் தமிழாசிரியர்களும் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள். பணம் ஒதுக்குவதில்லை என்பதே அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை. இங்குள்ள ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் கொள்முதல் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்த விடை பாதிதான் சரி என்று சொல்ல விரும்புகிறேன். ஒதுக்கிய சிறு தொகையும் செலவாகாமல் திரும்பிப் போன ஆண்டுகள் உண்டு. எதை, யாரிடம், எப்போது வாங்குவது என்பதை அறிந்தவர் இல்லாத இடத்தில் பணம் இருந்தும் நூல் வருவதில்லை. அப்படி அறிந்த ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு அந்த அனுபவம் போய்ச் சேர இங்கே வழி அமையவில்லை என்பதே என் முறையீடு.

ஆங்கில நூல்கள் வாங்கப்படும் முறையைச் சொன்னால்தான் வேறுபாடு விளங்கும். எந்தத் துறையில், எந்தத் தரத்தில், எந்த விலைக்குள் நூல்கள் வேண்டும் என்பதை நூலகம் ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால், பன்னாட்டு விநியோகிப்பாளர் அதற்குப் பொருந்தும் புதிய வெளியீடுகளைத் தாமே தெரிவுசெய்து, நூற்பட்டியலில் அப்படியே சேர்த்துக்கொள்ளத்தக்க பதிவோடு அனுப்பிவைக்கிறார். மின்னூலில் இன்னும் எளிய ஏற்பாடு உண்டு: நூலின் பதிவு மட்டும் முதலில் பட்டியலில் இருக்கும், யாராவது அதைத் திறந்து ஓர் அளவுக்கு மேல் படித்தால்தான் நூலகத்தின் கணக்கில் விலை ஏறும். ஆய்விதழ்கள் தனித்தனியாக அன்றிப் பெருங்கட்டாக விற்கப்படுகின்றன. நூலகத்தின் பணத்தில் பெரும் பகுதியை விழுங்குபவை இந்தக் கட்டுச் சந்தாக்கள்தாம்.

அவற்றின் விலையை வெளியே சொல்லக் கூடாது என்று பதிப்பகங்கள் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதும் உண்டு. அத்தகைய இரகசிய விதிகளை இனி ஏற்பதில்லை என்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக நூலகம் 2011இல் வெளிப்படையாகவே அறிவித்தது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் 2019 பிப்ரவரியில் ஆய்விதழ்ப் பதிப்பகமான எல்செவியர் நிறுவனத்தின் சந்தாவைப் புதுப்பிக்க மறுத்து, ஈராண்டு பொறுத்திருந்து, தன் ஆய்வாளர்களின் கட்டுரைகளை எவரும் கட்டணமின்றிப் படிக்க வழிசெய்யும் உடன்பாட்டை 2021 மார்ச்சில் பெற்றது. விலை பற்றி வாய் திறக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு உள்ள இடத்திலேயே நூலகர்கள் ஒருவரோடு ஒருவர் பேசி, பயன்பாட்டைக் கணக்கிட்டு, ஒன்றாக நின்று பேரம் பேசக் கற்றுக்கொண்டார்கள். நூலகர்கள் அமைதியானவர்கள் என்பது வாசிப்புக் கூடத்துக்குள் மட்டும் உண்மை. சந்தா விலையைப் பற்றி நால்வர் கூடிப் பேசும்போது கேட்டுப் பாருங்கள்.

தமிழ் நூல் வணிகத்தில் யாரையும் கட்டிப்போடும் இரகசிய ஒப்பந்தம் இல்லை. ஆயினும் தமிழ் நூல் வாங்கும் நூலகர்களிடையே பேச்சு நடப்பதில்லை. ஒவ்வொரு நிறுவனத்திலும் அந்த வேலை பெரும்பாலும் ஒரே ஒருவரிடம், அதுவும் வேறு பல பொறுப்புகளோடு சேர்த்து ஒப்படைக்கப்பட்டிருப்பதே காரணம். அவர் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொள்ள வேண்டியவை ஏராளம்.

காலத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழ்ப் பதிப்பாளர்கள் தங்கள் புதிய நூல்களில் பெரும்பாலானவற்றைச் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி, டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் கொண்டுவருகிறார்கள். இங்கே நிதியாண்டு மார்ச் மாத இறுதியோடு முடிகிறது. ஜனவரியில் வெளிவந்த நூலின் விவரத்தைத் திரட்டி, விலைப்புள்ளி பெற்று, ஒப்புதல் வாங்கி, நூல் கடல்வழியே வந்து இறங்குவதற்குள் கணக்கு முடிந்துவிடும். ஏப்ரலில் சாவகாசமாகத் தொடங்கலாம் என்றால், சில நூறு படிகளே அச்சான நூல் அதற்குள் தீர்ந்துபோயிருக்கும். மறுபதிப்பு வருமா என்பது பதிப்பாளருக்கே தெரியாது. ஆகவே டிசம்பரிலேயே பதிப்பகங்களின் முன்னறிவிப்புகளைப் பார்த்துப் பட்டியலைப் பாதி தயாராக வைத்திருக்க வேண்டும். இந்தச் சிறு நுட்பத்தை எனக்கு எந்தக் கையேடும் சொல்லித்தரவில்லை. வேறொரு நூலகத்தில் இருந்த மூத்தவர் ஒருவர் தேநீர் வேளையில் சொன்னார்.

இரட்டைக் கொள்முதல் மற்றொரு தொல்லை. ஒரே நாவலை மூன்று பதிப்பகங்கள் மூன்று அட்டைகளோடு வெளியிடுகின்றன. தனித் தொகுப்புகளாக வாங்கிய சிறுகதைகள் பிறகு முழுத் தொகுப்பாகவும் வருகின்றன. எழுத்தாளர் பெயரைப் பதிப்பகம் ஆங்கில எழுத்தில் ஒரு விதமாகவும், நூலகப் பட்டியலின் ஒலிபெயர்ப்பு விதி வேறு விதமாகவும் எழுதுவதால், தமிழ் படிக்கத் தெரியாத அலுவலர் தேடும்போது ஏற்கெனவே இருக்கும் நூல் இல்லாததுபோல் தோன்றும். ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனியே தரப்படும் ஐஎஸ்பிஎன் எண்ணே சில நூல்களில் இராது. சிலவற்றில் பழைய நூலின் எண் புதியதிலும் அச்சாகியிருக்கும். சிற்றிதழ்களுக்குக் கட்டும் ஆண்டுச் சந்தா பற்றிச் சொல்லவே வேண்டாம்: மூன்றாவது இதழோடு நின்றுபோனால், ஆசிரியருக்கு எழுதிக் கேட்க மனம் வராது, தணிக்கையாளருக்கு விளக்கம் சொல்லாமல் இருக்கவும் முடியாது.

மின்னூல் இவற்றையெல்லாம் தீர்த்துவிடும் என்று நம்புவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிண்டிலில் கிடைக்கும் தமிழ் மின்னூல்கள் தனி வாசகருக்கான உரிமத்தோடு விற்கப்படுபவை. ஒரு பல்கலைக்கழகம் அவற்றை வாங்கித் தன் மாணவர்களுக்கெல்லாம் இரவல் தர அந்த உரிமம் இடந்தராது. தேவைக்கேற்ப ஒவ்வொரு படியாக அச்சிடும் முறையால் பழைய நூல்கள் மீண்டும் கிடைப்பது நன்மைதான். ஆனால் பசை மட்டும் ஒட்டிய முதுகு நம் ஊர் ஈரப்பதத்திலும் மாணவர்களின் கையிலும் எத்தனை காலம் தாங்கும் என்பதை வாங்கும்போதே நினைக்க வேண்டும். நூலை மீண்டும் பைண்டிங் செய்யும் செலவையும் சேர்த்தே விலையைக் கணக்கிட வேண்டும்.

எந்த விநியோகிப்பாளர் கேட்ட பதிப்பையே அனுப்புவார், எவர் கையிருப்பில் உள்ளதைத் தள்ளிவிடுவார், எந்தப் பதிப்பகத்தின் செம்பதிப்பை (சுவடிகளை ஒப்பிட்டுத் திருத்திய பதிப்பை) நம்பலாம் என்பவை எல்லாம் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த அறிவு. தமிழ் நூல் வாங்கும் பொறுப்பில் உள்ள அந்த ஒருவர் ஓய்வுபெறும் நாளில் அவருடைய மின்னஞ்சல் கணக்கோடு அதுவும் மூடப்படுகிறது. பின்னால் வருபவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார்.

இதற்குத் தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது அன்று. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1962 முதல் புதுடில்லியில் ஓர் அலுவலகம் நடத்திவருகிறது. அமெரிக்கா இந்தியாவுக்குக் கோதுமை விற்றதால் சேர்ந்த ரூபாயைக் கொண்டு, பிஎல் 480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டத்தின்கீழ் தொடங்கிய ஏற்பாடு அது; பிறகு, பங்கேற்கும் பல்கலைக்கழகங்கள் செலவைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டுக் கொள்முதலாக மாறியது. தமிழ் உள்ளிட்ட தெற்காசிய மொழி நூல்களை அந்த மொழி அறிந்தவர்கள் ஓரிடத்தில் தெரிவுசெய்கிறார்கள். பட்டியல் பதிவும் ஒருமுறையே செய்யப்பட்டு எல்லாருக்கும் பயன்படுகிறது. சிக்காகோவில் தமிழ் படிக்கும் மாணவருக்கு நூல் கிடைப்பதன் பின்னணி இதுதான். சென்னையிலிருந்து நான்கு மணி நேர விமானப் பயணத்தில் இருக்கும் நமக்கு அதைவிடச் சிறிய ஏற்பாடே போதும்.

சிங்கப்பூர் தேசிய பல்கலைக்கழகத்தில் தெற்காசிய ஆய்வுப் பிரிவு இருக்கிறது. தமிழாசிரியர்கள் தேசிய கல்விக் கழகத்தில் பயிற்சி பெறுகிறார்கள். சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் தமிழில் பட்டப்படிப்பு நடத்துகிறது. தேசிய நூலக வாரியத்தின் தமிழ்த் தொகுப்பு விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கிறது. இந்த நான்கு இடங்களிலும் தமிழ் நூல் வாங்குவோர் ஆண்டுக்கு இருமுறை, ஒருமுறை நவம்பரில் கட்டாயமாக, அரை நாள் ஒன்றாக அமர்ந்தால் என்ன? வரலாறும் சமூகவியலும் ஒருவர், கற்பித்தலும் சிறுவர் இலக்கியமும் ஒருவர், இலக்கணமும் இலக்கிய ஆய்வும் ஒருவர் என்று ஆழமாகச் சேர்க்கும் துறைகளைப் பங்கிட்டுக்கொண்டால், நான்கு இடத்திலும் அதே நாவல் இருக்க, வேண்டிய கல்வெட்டுத் தொகுதி எங்கும் இல்லாத நிலை மாறும். விநியோகிப்பாளர் பற்றிய அனுபவத்தை நால்வரும் ஒரே பொதுக் கோப்பில் எழுதிவைக்கலாம். பொறுப்பு மாறும்போது கையளிப்புக் குறிப்பு எழுதுவதைக் கடமையாக்கலாம். 1955இல் மலாயா நூலகக் குழுவாகத் தொடங்கிய சிங்கப்பூர் நூலகச் சங்கம் இத்தகைய சந்திப்புக்கு இயல்பான இடம்.

உள்ளூர்த் தமிழ் நூல்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சட்டப்படி இங்கே வெளியிடப்படும் ஒவ்வொரு நூலிலும் இரண்டு படிகளை நான்கு வாரத்துக்குள் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கு அப்படி எதுவும் தானாக வந்து சேராது. நம் எழுத்தாளர்கள் பலருடைய நூல்களைச் சென்னைப் பதிப்பகங்களே வெளியிடுகின்றன. வெளியீட்டு விழாவில் விற்றதுபோக மீதி ஆசிரியர் வீட்டு அலமாரியில் தங்கிவிடும். சிங்கப்பூர்த் தமிழிலக்கியத்தை ஆராயும் மாணவர் அந்த நூலைத் தேடி எழுத்தாளரின் தொலைபேசி எண்ணை விசாரித்துக்கொண்டிருப்பது சரியன்று. விழா நடக்கும் வாரத்திலேயே பல்கலைக்கழகக் கொள்முதல் பிரிவுக்கு விவரமும் விலைச்சீட்டும் அனுப்பும் பழக்கத்தை எழுத்தாளர்கள் ஏற்படுத்திக்கொண்டால், வாங்குவதில் பெரிய தடை இராது.

பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘தற்காலக் கவிதை நூல்கள் சில வாங்கவும்’ என்று எழுதினால் நூலகர் எதையும் வாங்க முடியாது. பதிப்பகம், ஆண்டு, எந்தப் பாடத்துக்கு, எத்தனை மாணவருக்கு என்று எழுதினால் அந்த வாரமே வேலை நடக்கும். தந்தையார் சேர்த்த நூல்களை நன்கொடையாகத் தர விரும்புவோர், பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்குவதற்கு முன் பட்டியலை அனுப்பினால் நல்லது. நூலகம் ஏற்க மறுப்பது பெரும்பாலும் அதே நூல் ஏற்கெனவே இருப்பதால்தான். அதில் அவமதிப்பு ஏதும் இல்லை.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று 1950களில் தமிழ் முரசு நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டியபோது, எளிய மக்களும் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். இன்று எவரிடமும் நிதி கேட்க வேண்டிய நிலையில் நம் பல்கலைக்கழகங்கள் இல்லை. தங்கள் நாளிதழிடம் நான் கேட்பது ஒரு சிறு உதவிதான்: நூல் அறிமுகம் வெளியிடும்போதெல்லாம் பதிப்பகத்தின் பெயர், வெளியான ஆண்டு, பக்கம், விலை, ஐஎஸ்பிஎன் எண், சிங்கப்பூரில் கிடைக்கும் இடம் ஆகியவற்றைக் கட்டுரையின் அடியில் அச்சிடுங்கள். அதைக் கத்தரித்துக் கோப்பில் வைத்துக்கொள்ளும் நூலகர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பல்கலைக்கழக நூலகர்,
தெம்பனிஸ், சிங்கப்பூர்