முன்பக்கம் தூக்கி இழுத்தால் கியர்பாக்ஸ் போகும்

ஆசிரியர் அவர்களுக்கு,

செங்கோட்டை – ஆரியங்காவு மலைப்பாதையில் பழுதாகி நிற்கும் பின்சக்கர இயக்க ஸ்போர்ட்ஸ் கார்களையும், மற்ற கார்களைப் போலவே முன்பக்கத்தைத் தூக்கி, பின்சக்கரம் தரையில் உருள இழுத்துச் செல்கிறார்கள். பின்சக்கரம் உருண்டால் புரொப்பல்லர் ஷாஃப்டும் (கியர்பாக்ஸையும் பின்சக்கரத்தையும் இணைக்கும் தண்டு), அதோடு கியர்பாக்ஸின் உள்பாகங்களும் சுழலும். ஆட்டோமேட்டிக்கில் ஆயில் பம்பை ஓட்டுவது இன்ஜின்தான். அது நின்றிருக்கும்போது ஆயில் ஏறாது; பேரிங் வறண்டு சூடேறும். ‘நியூட்ரல்லதான சார் இருக்கு’ என்று இழுப்பவர்கள் சொல்லும் பதில் இங்கே எடுபடாது.

காரை முழுதாக மேலே ஏற்றிச் செல்லும் பிளாட்பெட் லாரிதான் சரி. தாழ்ந்த முன்பம்பர் உரசாமலிருக்க, ரேம்ப் தொடங்கும் இடத்தில் நீளப் பலகைகள் வைத்துச் சரிவைக் குறைக்க வேண்டும். டூல்கிட்டிலுள்ள இழுவைக் கொக்கியை மரை முடியும்வரை முறுக்கி, அதில்தான் வின்ச் (காரை லாரிமேல் இழுக்கும் சுருள் இயந்திரம்) கம்பியை மாட்ட வேண்டும் (சில கார்களில் மரை இடப்பக்கச் சுற்று). சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆர்மில் மாட்டினால் அலைன்மென்ட் (சக்கரங்களின் நேர்நிலை) போய்விடும். லாரியில் ஏற்றியபின் பெல்ட்டை டயரைச் சுற்றியே கட்ட வேண்டும். பேட்டரி செத்து, கியர் ‘பார்க்’கில் சிக்கிய காரை இழுக்காதீர்கள், பின்சக்கரங்களுக்கு அடியில் உருளைத் தள்ளுவண்டி கொடுங்கள்.

சேதத்துக்கு யார் பொறுப்பு? சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைக் கவனிப்பதுபோல், ஒப்படைத்த பொருளையும் கவனிக்க வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு. ‘உரிமையாளர் பொறுப்பில்’ என்று ரசீதில் அச்சடித்திருந்தால் ஏற்றும் முன்பே பேசிவிடுங்கள். நான்கு பக்கமும், அடிப்பகுதியும், ஓடோமீட்டரும் தெரியப் படமெடுத்து, இழுக்கும் முறையை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். இறக்கியதும் கையெழுத்துப் போடும் முன் கியர்பாக்ஸின் அடியில் ஆயில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

– கார் மெக்கானிக்குகள், செங்கோட்டை